உடைந்த முன்பல், முடியாத வேர்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

குழந்தைகளுக்குப் பல் பார்ப்பது என் வேலை. கோடை விடுமுறை வந்தால் போதும், கைக்குட்டையால் வாயைப் பொத்திய பிள்ளையோடு ஒரு அப்பாவோ பாட்டியோ வாசலில் நிற்பார்கள். சைக்கிள், பள்ளிக்கூட மாடிப்படி, நீச்சல் குளத்தின் விளிம்பு, தம்பியின் தலை என்று எப்படி அடிபட்டது என்ற கதை ஒவ்வொரு தடவையும் வேறு. அதற்கு அப்புறம் வரும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏழு வயசுதானே ஆகுது, இது பால் பல் இல்லையா? விழுந்து திரும்ப முளைக்காதா?

முளைக்காது. மேல் வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டு பற்களும் ஏழு, எட்டு வயதில் வரும் நிரந்தரப் பற்கள். புதிதாக முளைத்த பல்லின் நுனி ரம்பம் போல மூன்று சின்ன மேடாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் பால் பல்லைவிட அகலமாகவும் கொஞ்சம் மஞ்சளாகவும் தெரியும். வீட்டிலேயே பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆறு வயதில் வரிசையின் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல்லும் நிரந்தரப் பல்தான். அது வரும்போது எந்தப் பால் பல்லும் விழுவதில்லை என்பதால் அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துச் சொத்தையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முன்பல்லைப் பற்றிக் கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

பல்லுதான் முளைச்சாச்சே, அப்புறம் என்ன "முழுசா வளரலை"ன்னு சொல்றீங்க?

கண்ணுக்குத் தெரிவது பல்லின் தலை. ஈறைக் கிழித்து அது வெளியே வரும்போது வேர் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் உருவாகியிருக்கும். மீதி வேர் நீண்டு, சுவர் தடித்து, நுனி மூடுவதற்கு இன்னும் மூன்று வருடம் போல ஆகும். மேல் முன்பல்லுக்கு அது பத்து வயதை ஒட்டி முடியும். இந்த வேலையைச் செய்வது பல்லுக்குள் இருக்கும் பற்கூழும், வேர் நுனியைச் சுற்றியிருக்கும் வளரும் திசுவும். வீட்டில் "நரம்பு" என்கிறோமே, அதுதான் பற்கூழ். அதில் நரம்பு மட்டும் இல்லை, ரத்தக் குழாயும் உண்டு, பல்லைக் கட்டும் செல்களும் உண்டு.

பப்பாளி இலைக் காம்பை ஒடித்துப் பார்த்திருப்பீர்கள். உள்ளே முழுக்கப் பொள்ளல், சுற்றிலும் மெல்லிய சுவர், இரண்டு முனையும் திறந்தே இருக்கும். எட்டு வயதுப் பிள்ளையின் முன்பல் வேர் எக்ஸ்ரேயில் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். பற்கூழ் அந்தக் கட்டத்தில் செத்துவிட்டால் வேர் அதே நிலையில் நின்றுபோகும். பிள்ளைக்கு இருபது வயதானாலும் அந்தப் பல்லின் வேருக்கு எட்டு வயதுதான்.

உடைஞ்ச துண்டைக் கொண்டு வந்திருக்கோம். பல்லுக்குள்ள சிவப்பா ஒரு புள்ளி தெரியுது. ரூட் கெனால் பண்ணணுமா?

பெரும்பாலும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். அந்தச் சிவப்புப் புள்ளி உயிரோடு இருக்கும் பற்கூழ். அதைக் காப்பாற்றிவிட்டால் கீழே நான் எழுதியிருக்கும் பெரிய பெரிய சிகிச்சைகள் எதுவும் தேவைப்படாது. மேலே அழுக்குப் பட்ட பற்கூழைச் சுமார் 2 மில்லிமீட்டர் மட்டும், தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே மெல்ல நீக்குவோம். ரத்தம் நின்றதும் அதன்மேல் கால்சியம் ஹைட்ராக்சைடோ எம்டிஏ போன்ற சிமெண்டோ வைத்து, கசிவில்லாமல் மூடிவிடுவோம். உள்ளே மிச்சமிருக்கும் பற்கூழ் தன் வேலையைத் தொடர்ந்து செய்து வேரை முடித்துவிடும்.

ஸ்வீடனில் மியோமிர் செவெக் என்ற மருத்துவர் இந்த முறையில் 60 முன்பற்களுக்குச் சிகிச்சை செய்து 1978-இல் முடிவை வெளியிட்டார். 96 சதவீதம் பிழைத்தன. அவற்றில் சில, உடைந்து பல வாரம் கழித்து வந்தவை. அதனால் "நேற்றே வந்திருக்கணும், இனி அவ்வளவுதான்" என்று நினைத்து வீட்டிலேயே உட்கார வேண்டாம். ஆனால் சீக்கிரம் வந்தால் வேலை சுலபம்.

துண்டு நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். காகிதத்தில் மடித்து எடுத்து வராமல் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்து வாருங்கள். காய்ந்த துண்டு வெளுத்துவிடும், ஒட்டினாலும் நிறம் சேர நாளாகும். அப்புறம், திறந்திருக்கும் இடத்தில் கிராம்புத் தைலம் வைக்காதீர்கள். பாட்டிமார் மன்னிக்கவும்.

பல்லு முழுசா வேரோட கையில வந்துடுச்சு. என்ன பண்றது?

நிரந்தரப் பல் என்றால் நிமிடக் கணக்கு. தலையைப் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொடாதீர்கள். அழுக்கிருந்தால் பாலிலோ உப்பு நீரிலோ லேசாக அலசி, முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்பச் செருகி, துணியைக் கடிக்கச் சொல்லிக் கிளம்புங்கள். செருகப் பயமாக இருந்தால் பாலில் போட்டுக் கொண்டு வாருங்கள். உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் வெளியே கிடந்துவிட்டால் வேர்மேல் இருக்கும் செல்கள் பிழைப்பது கடினம். பால் பல் இப்படி வந்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது, கீழே காத்திருக்கும் நிரந்தரப் பல் கெட்டுவிடும். அதைத் தாராளமாகக் கூரைமேல் எறியலாம்.

வேர் முடியாத பல்லுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. நுனி அகலமாகத் திறந்திருப்பதால் ரத்தக் குழாய்கள் தாமாகவே திரும்ப உள்ளே வளர வாய்ப்பிருக்கிறது. அதனால் பெரியவர்களின் பல்லைப் போல உடனே உள்ளே தோண்டாமல், பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரம் கட்டிவைத்துவிட்டுக் கவனிப்போம்.

அடிபட்டு ஒரு மாசம் ஆச்சு. கரண்ட் டெஸ்டுல பல்லு பதில் சொல்லலையாம். ஆனாலும் டாக்டர் "பொறுத்துப் பார்க்கலாம்"ங்கிறார். காலத்தைக் கடத்துறாரோ?

இல்லை, அவர் சரியாகத்தான் செய்கிறார். கரண்ட் டெஸ்ட் என்பது பல்லில் லேசாக மின்சாரம் வைத்து உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பது. புதிதாக முளைத்த பல்லில் வலியை உணரும் நரம்பிழைகள் கடைசியாகத்தான் வந்து சேரும். அடிபடாத பல்லே அந்த வயதில் சில சமயம் பதில் சொல்லாது. அடிபட்ட பல் மூன்று மாதம் வரை மௌனமாக இருந்துவிட்டு அப்புறம் பேசுவதும் உண்டு. அந்த ஒரு சோதனையை நம்பி உயிருள்ள பற்கூழை எடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது.

நாங்கள் பார்ப்பது வேறு அடையாளங்கள்: ஈறில் பரு போல ஒரு கொப்புளம், தட்டினால் வலி, வீக்கம், எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கருமை. எல்லாவற்றையும்விட, பக்கத்துப் பல்லின் வேர் வளர்ந்துகொண்டிருக்க இந்தப் பல் மட்டும் அப்படியே நிற்கிறதா என்பதுதான் உறுதியான சாட்சி. பல் சாம்பல் நிறமாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டோம்.

சீழ் வந்தா ஆன்டிபயாடிக் கொடுத்தா போதாதா?

போதாது. மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போகும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. முகம் வீங்கிக் காய்ச்சல் இருந்தால் மாத்திரை தேவைப்படும், ஆனால் அது சிகிச்சைக்குத் துணைதான். மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்ததும் வீக்கம் வடிந்துவிடும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், நான்கு மாதம் கழித்து இரண்டு மடங்காக வரும்.

செத்துப்போச்சுன்னு ஆயிடுச்சு. பெரியவங்களுக்குப் பண்ற மாதிரியே ரூட் கெனால் பண்ணி அடைச்சுடலாமே?

பெரியவர்களின் வேர் நுனியில் ஊசித் துளை போல ஒரு குறுகல் இருக்கும். சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கட்டாபர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை அந்தக் குறுகலில் முட்டும்வரை அழுத்தி அடைப்போம். இரண்டாவது பதிலில் சொன்ன பப்பாளிக் காம்பில் முட்டுவதற்கு எதுவும் இல்லை. அழுத்தினால் பொருள் எலும்புக்குள் போய்விடும். சுவரோ ஏற்கெனவே மெல்லியது, அதைச் சுரண்டினால் இன்னும் மெலியும். ஆகவே இந்தப் பற்களில் கம்பியைவிடக் கழுவும் மருந்துக்குத்தான் வேலை அதிகம்.

எங்க அண்ணனுக்கு வருஷக்கணக்கா மருந்து மாத்தி மாத்தி வெச்சாங்க. அந்த முறை இப்ப இல்லையா?

அது கால்சியம் ஹைட்ராக்சைடு முறை. 1960-களில் பரவியது. அந்தப் பசையை வேருக்குள் வைத்து அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்தால், ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் நுனியில் கெட்டியான ஒரு தடுப்பு உருவாகும். அதன்மேல் வழக்கமான அடைப்பு. நுனியை மூடுவதில் நல்ல முறைதான். பல தலைமுறைப் பற்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சிக்கல் பின்னால்தான் தெரிந்தது. இப்படி அடைத்த பற்கள் ஈறு ஓரத்தில் முறிந்துகொண்டே இருந்தன. மேலே சொன்ன அதே செவெக் 1992-இல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, வேர் நன்றாக வளர்ந்த பற்களில் 28 சதவீதமும், மிகக் குறைவாக வளர்ந்தவற்றில் 77 சதவீதமும் முறிந்திருந்தன. 2002-இல் டென்மார்க்கில் ஆண்ட்ரியாசென் குழு செம்மறி ஆட்டுப் பற்களை வைத்துச் சோதித்து, இந்த மருந்து நீண்ட நாள் உள்ளே இருந்தால் ஒரு வருடத்தில் வேரின் வலு பாதியாகிவிடும் என்று கண்டது. அதனால் இப்போது இதைச் சில வாரங்களுக்கு மட்டும், கிருமியைக் கொல்லும் மருந்தாகப் பயன்படுத்துகிறோம். மாதக்கணக்கில் வைப்பது குறைந்துவிட்டது.

அப்ப எம்டிஏன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே, அது என்ன?

கட்டடத்துக்குப் போடும் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குச் சொந்தக்காரப் பொருள். சிரிக்க வேண்டாம், உண்மை. கலிபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஈரத்திலும் இறுகும், உடல் அதை வெறுக்காது. இந்த இரண்டு குணமும்தான் அதன் பெருமை. வேரைக் கழுவிச் சுத்தம் செய்து சில வாரம் மருந்து வைத்தபின், நுனியில் நான்கைந்து மில்லிமீட்டர் உயரத்துக்கு எம்டிஏவைத் தட்டி அடைப்போம். இறுக மூன்று மணி நேரம் போல ஆகும் என்பதால் மீதியை இன்னொரு நாள் முடிப்பது வழக்கம். அதே குடும்பத்தில் பயோடென்டின் என்று ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு நிமிடம் போல எடுத்துக்கொள்ளும்.

வருடக்கணக்கு இரண்டு மூன்று வருகையாகச் சுருங்கியது பெரிய லாபம். ஆனால் நுனியை மூடுகிறோமே தவிர வேர் வளராது. மெல்லிய சுவர் மெல்லியதாகவே இருக்கும்.

ரத்தம் வரவெச்சு, செத்த பல்லோட வேரை வளர வைக்கிறாங்களாமே. நிஜமா?

நிஜம்தான், ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. யோசனை பழையது. வேருக்குள் ரத்தக்கட்டி இருந்தால் அதில் புதுத் திசு வளருமா என்று நார்வேயின் நைகார்ட்-ஆஸ்ட்பி 1961-லேயே பார்த்தார். 2001-இல் ஜப்பானில் ஒரு குழு 13 வயதுப் பிள்ளையின் சீழ் பிடித்த பல்லில் கிருமியை அடக்கியபின் வேர் தடித்து நுனி மூடியதைக் காட்டியது. 2004-இல் அமெரிக்காவில் பேங்க்ஸும் ட்ரோப்பும் இதைப் படிப்படியான ஒரு முறையாக எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

முதல் வருகையில் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியை 1.5 சதவீத அளவில் எடுத்து மெதுவாகக் கழுவுவோம். அதற்குமேல் காரமாக்கினால் நமக்கு வேண்டிய செல்களும் செத்துவிடும். உள்ளே மருந்து வைத்து மூடி ஒன்றிலிருந்து நான்கு வாரம் விடுவோம். சீழும் வலியும் அடங்கியிருந்தால் இரண்டாவது வருகை. இடிடிஏ என்ற திரவத்தால் கழுவுவோம். வேர்ச் சுவருக்குள் புதைந்திருக்கும் வளர்ச்சிப் பொருள்களை அது வெளிக்கொண்டு வரும். பிறகு வளைத்த மெல்லிய கம்பியால் நுனியைத் தாண்டி 2 மில்லிமீட்டர் போல மெல்லக் கிளறினால் வேருக்குள் ரத்தம் ஏறும். அது உறைந்ததும் மேலே எம்டிஏ, அதற்குமேல் பல் நிறச் சிமெண்ட். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்களுக்கு "ரத்தம் வரணும்னு டாக்டர் காத்திருக்காரே" என்று தலை சுற்றும், அதனால் அவர்களை வெளியே உட்காரச் சொல்வேன்.

பிள்ளைக்கு வலிக்குமா? மரத்துப்போற ஊசி போட மாட்டாங்கன்னு யாரோ சொன்னாங்க.

ஊசி உண்டு. இரண்டாவது வருகையில் மட்டும் அட்ரினலின் கலக்காத ஊசி போடுவோம். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், அப்புறம் வேண்டிய இடத்தில் ரத்தம் வராது. அந்த ஊசியின் மரப்பு சீக்கிரம் தெளிந்துவிடும், கிளறும் நொடியில் சில பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுவது பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஆனால் எச்சில் உள்ளே போனால் செய்த வேலை வீண்.

ஸ்டெம் செல்னா, பாங்க்ல பணம் கட்டிச் சேமிச்சு வெச்சாதானே கிடைக்கும்?

இதற்குத் தேவையில்லை. வேண்டிய குருத்தணுக்கள் பிள்ளையின் வேர் நுனியை ஒட்டிய திசுவிலேயே இருக்கின்றன. ரத்தத்தோடு அவை உள்ளே வருகின்றன. பால் பல்லைச் சேமித்து வையுங்கள் என்று விற்பவர்கள் சொல்வது வேறு சமாச்சாரம். இந்தச் சிகிச்சைக்காக அதில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

அப்ப புதுசா நரம்பு முளைச்சு, பல்லு பழையபடி ஆயிடுமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இப்படிச் சிகிச்சை செய்த சில பற்களைப் பின்னாளில் வேறு காரணத்துக்காக எடுத்தபோது நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது பெரும்பாலும் அசல் பற்கூழ் இல்லை. வேரின் வெளிப்பூச்சு போன்ற, எலும்பு போன்ற, பல்லைத் தாங்கும் நார் போன்ற திசுக்கள்தான். ஆகவே "மீளுருவாக்கம்" என்பதைவிட "பழுது ஆறுதல்" என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அதனால் பயனில்லை என்று அர்த்தமில்லை. சீழ் ஆறுவதும் நுனியின் கருமை மறைவதும் பெரும்பாலும் நடக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எக்ஸ்ரேயில் அது தெரியும். சுவர் தடிப்பது, வேர் நீள்வது இரண்டும் பல்லுக்குப் பல் மாறும். வரவேண்டுமானால் ஒன்று, இரண்டு வருடம் பொறுக்க வேண்டும். முதலில் தடிக்கும், நீளம் அப்புறம். குளிர்ச்சியை உணரும் அளவுக்கு உணர்வு திரும்பினால் அதை உபரி லாபமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு அப்புறம் பல்லு சாம்பல் கலராயிடுச்சு மேடம். ஃபெயிலா?

சிகிச்சை தோற்றதாக அர்த்தமில்லை, ஆனால் முன்பல் என்பதால் வருத்தம் நியாயமானது. வேருக்குள் வைக்கும் மூன்று ஆன்டிபயாடிக் கலவையில் மினோசைக்ளின் இருந்தால் அது பல்லைக் கருக்கும். எம்டிஏவில் இருக்கும் பிஸ்மத்தும், குறிப்பாக ஹைப்போகுளோரைட் பட்டால், கருக்கும். அதனால் முன்பல்லுக்கு இப்போது பலரும் கால்சியம் ஹைட்ராக்சைடையும் பிஸ்மத் இல்லாத சிமெண்டையும் எடுக்கிறார்கள். ஏற்கெனவே கருத்துவிட்டால் உள்ளிருந்தே வெளுக்க வைக்கலாம். முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள்.

அடியும் படலை, சொத்தையும் இல்லை. பதினோரு வயசுப் பொண்ணுக்குக் கீழ்ப் பக்கப் பல்லுல சீழ். எப்படி?

முன்கடைவாய்ப்பல்லின் நடுவில் சிலருக்கு அரிசி முனை போல ஒரு சின்னக் கொம்பு இருக்கும். ஆசியர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம். எதிர்ப் பல் முட்டி முட்டி அந்தக் கொம்பு ஒரு நாள் ஒடியும். அதற்குள் பற்கூழின் ஒரு இழை இருக்கும் என்பதால் கிருமிக்கு வாசல் திறந்துவிடும். யாருக்கும் தெரியாது. சீழ் வந்த பிறகுதான் தேடுவோம். முன்பு சொன்ன 2001, 2004 சிகிச்சைகள் இரண்டும் இதே இடத்துப் பல்லில் செய்தவைதான். ஒரு பக்கம் இப்படி இருந்தால் மறுபக்கத்தையும் காட்டுங்கள். கொம்பு ஒடிவதற்கு முன்பே அதைச் சுற்றிச் சிமெண்ட் வைத்துத் தாங்கிவிடலாம்.

எம்டிஏ அடைப்பா, ரத்தம் வரவைக்கிறதா? நீங்களா இருந்தா எது பண்ணுவீங்க?

வேர் குட்டையாக, சுவர் காகிதம் போல இருந்தால் ரத்தம் வரவைக்கும் முறை. அங்கே எம்டிஏ அடைப்பு பல்லைக் காக்கும், முறிவைத் தடுக்காது. வேர் ஏறக்குறைய முடிந்து நுனி மட்டும் திறந்திருந்தால் எம்டிஏ அடைப்பே போதும், முடிவும் உறுதியாகத் தெரியும். பல்லின் தலை பெரிதாக உடைந்து, கேப் நிற்க வேருக்குள் கம்பி வைத்தாக வேண்டிய நிலை என்றால் ரத்தக்கட்டிக்கு அங்கே இடமில்லை.

இன்னொன்றையும் நான் பார்ப்பேன், பாடப்புத்தகத்தில் அது இரண்டு வரிதான்: இந்தக் குடும்பம் திரும்பத் திரும்ப வருமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து எக்ஸ்ரே எடுக்க முடியாத தூரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று வருகையில் முடியும் எம்டிஏ அடைப்பையே சொல்வேன். செலவுதான் தடை என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பல் பிரிவு இருக்கும், அங்கே கேட்டுப் பாருங்கள்.

இதுவும் தோத்துப்போனா? பேசாம பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் வெச்சுக்கலாமா?

ரத்தம் வராமல் போனாலோ, சீழ் திரும்பினாலோ மறுபடி திறந்து எம்டிஏ அடைப்புக்குப் போகலாம். கதவு மூடுவதில்லை. இம்ப்ளான்ட் மட்டும் இப்போது முடியாது. தாடை வளரும்போது மற்றப் பற்கள் அதோடு இறங்கி வரும், இம்ப்ளான்ட் வைத்த இடத்திலேயே நிற்கும். சில வருடத்தில் அது மட்டும் மேலே ஏறிப்போனது போலத் தெரியும். வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பிடுங்கிவிட்டால் அதற்குள் அங்கே எலும்பும் கரைந்து ஒடுங்கிவிடும். சுமாரான பல்லாக இருந்தாலும் பதினெட்டு வயது வரை அந்த இடத்தில் நின்றாலே அது நமக்கு வேலை செய்கிறது.

பல்லு துருத்திட்டு இருக்கு. கம்பி போடலாமா?

போடலாம், சீழ் ஆறி எக்ஸ்ரே திருப்தியாக இருந்தபின், மெதுவான விசையோடு. துருத்திய முன்பல்தான் அதிகம் அடிபடுகிறது என்பதால் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. கம்பி போடுபவரிடம் இந்தப் பல்லின் கதையை முதலிலேயே சொல்லி, பழைய எக்ஸ்ரேக்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். செல்போனில் படமெடுத்து வைத்திருந்தாலும் போதும்.